வேகம் ஏறினால் பாட்டுச் சத்தமும் ஏறுகிறது, வளைவில் திரும்பினாலும் ஏறுகிறது: ஸ்டீரியோ போய்விட்டதா?

ஐந்தாம்கியர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எட்டு வருடப் பழைய ஹேட்ச்பேக், கைமாறி என்னிடம் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்டீரியோ வண்டியோடு வந்ததுதான், மாற்றியதில்லை.

சிக்னலில் நிற்கும்போது அளவாகப் பாடுகிறது. வண்டி 80ஐத் தொட்டதும் கத்த ஆரம்பிக்கிறது. குறைக்கிறேன். அடுத்த சிக்னலில் நின்றால் பாட்டு காதிலேயே விழவில்லை. மறுபடி கூட்டுகிறேன். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை வால்யூம் குமிழில் என்றே பிழைப்பு ஓடுகிறது.

போதாததற்கு, சில நாள் வளைவில் திரும்பும்போதும் சத்தம் தானாக எகிறுகிறது. அப்போது வேகம் 20கூட இருக்காது. வண்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்கிறாள் தங்கை. ஸ்டீரியோவை மாற்றத்தான் வேண்டுமா?

அவசரக்குடுக்கை

மாற்றிவிடுங்கள் ஜி. எட்டு வருடம் உழைத்துவிட்டது. பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு யூனிட் ஒன்று மாட்டினால் இந்தத் தொல்லையே இருக்காது.

வயர்மேன்

குடுக்கை, பெயருக்கேற்ற பதில்! ஸ்டீரியோவை மாற்றினாலும் ஸ்டீயரிங்கும் அதன் வயரிங்கும் பழையதுதானே. பேய் அங்கே இருந்தால் புது வீட்டுக்கும் கூடவே வரும்.

தம்பி ஐந்தாம்கியர், நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வேகத்தோடு ஏறி இறங்குவது கோளாறே இல்லை, வேண்டுமென்றே வைத்த வசதி. வேகம் கூடினால் டயர் இரைச்சலும் காற்று இரைச்சலும் கூடும். அதை ஈடுகட்ட ஸ்டீரியோ தானே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற தகவல் கேன் வயரிங் (வண்டியின் மின்னணுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது வயர்) வழியாகவோ, பழைய வண்டி என்றால் தனியாக ஒரு வயர் வழியாகவோ ஸ்டீரியோவுக்குப் போய்ச் சேரும்.

இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பதுதான் குழப்பம். ஹோண்டாவில் எஸ்விசி. டொயோட்டாவில் ஏஎஸ்எல். மஸ்டாவில் ஏஎல்சி, அதில் 7 வரை நிலைகள் உண்டு. ஃபோக்ஸ்வாகன்காரர்கள் காலா என்பார்கள், நீளமான ஜெர்மன் சொல் ஒன்றின் சுருக்கம். ஹூண்டாயில் எஸ்டிவிசி. வேறு சிலதில் வெறுமனே 'ஆட்டோ வால்யூம்' என்றிருக்கும். பெயர் எதுவானாலும் இடம் ஒன்றுதான்: பாஸ், ட்ரெபிள், ஃபேடர் எல்லாம் இருக்கிற அதே சவுண்ட் மெனு. தொடுதிரை இல்லாத யூனிட்டில் சவுண்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொன்றாக வரும். பெரும்பாலும் இது கடைசியில் ஒளிந்திருக்கும்.

அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். வளைவு விவகாரத்துக்கு அப்புறம் வருவோம். இரண்டையும் ஒரே நேரத்தில் தோண்டினால் எது எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

தூரப்பயணி

முழுவதும் அணைக்காதீர்கள் என்பது என் கட்சி. மிகக் குறைந்த நிலையில் வைத்தால் அது வேலை செய்வதே தெரியாது, நெடுஞ்சாலையில் மட்டும் இதமாக இருக்கும். எரிச்சல் வருவதெல்லாம் யாரோ அதை உச்சத்தில் வைத்துவிட்டுப் போன வண்டிகளில்தான்.

இன்னொரு வகையும் உண்டு. போஸ் கம்பெனியின் ஆடியோபைலட் போன்றவை வேகத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை; உள்ளே மைக் வைத்து இரைச்சலையே அளந்து பாட்டைச் சரிசெய்யும். அந்த வண்டிகளில் கண்ணாடியை இறக்கினாலே பாட்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். அதற்கும் மெனுவில் தனி ஸ்விட்ச் உண்டு.

ஐந்தாம்கியர்

வயர்மேன் அண்ணே, கிடைத்துவிட்டது! சவுண்ட் பட்டனை ஆறாவது முறை அழுத்தியபோது எட்டிப் பார்த்தது. தூரப்பயணி சொன்ன மாதிரியே உச்சத்தில் இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் காது எப்படித் தாங்கியதோ. அணைத்துவிட்டேன். நேற்றும் இன்றும் ஓட்டினேன், வேகத்தோடு ஏறுவது சுத்தமாக நின்றுவிட்டது.

வளைவில் ஏறுவது மட்டும் நிற்கவில்லை. இன்று காலை இடதுபக்கம் திரும்பும்போது 14இல் இருந்தது 31க்குப் போய்விட்டது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து ஒரே அழுகை.

அவசரக்குடுக்கை

கிளாக் ஸ்பிரிங். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வயர்மேன்

இருங்கள். 14, 31 என்று எண் சொல்கிறாரே, அதுதான் எனக்கு முக்கியம்.

தம்பி, சத்தம் ஏறும்போது திரையில் வால்யூம் எண் மாறுகிறதா? இல்லை, சத்தம் ஏறி முடிந்தபின் நீங்கள் குமிழைத் தொட்டபோது பார்த்த எண்ணா அது? இந்த மாதிரிப் புகாரோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எண் மாறினால், யாரோ பட்டனை அழுத்துவதாகவோ குமிழைத் திருகுவதாகவோ ஸ்டீரியோ நினைக்கிறது என்று பொருள். குமிழ், ஸ்டீயரிங் பட்டன், அங்கிருந்து வரும் வயர், இவற்றில்தான் தேட வேண்டும். ஸ்டீரியோவின் ஒலிப் பகுதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண் அப்படியே நிற்க சத்தம் மட்டும் மாறினால் கதை வேறு. வேகத்தைப் பார்த்துக் கூட்டும் வசதி பெரும்பாலான வண்டிகளில் எண்ணைத் தொடாமல்தான் வேலை செய்யும். போன் தன் பக்கத்தில் கூட்டிக் குறைத்தாலும், ரேடியோ சிக்னல் பலவீனமானாலும், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தைக் குறைத்தாலும் எண் அசையாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஸ்டீரியோவைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். நானும் ஒருமுறை கழற்றியிருக்கிறேன், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஒன்று மட்டும்: ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

பின்சீட்டு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் சத்தம் தானாக மாறுகிறது, ஆனால் ப்ளூடூத்தில் மட்டும். பென்டிரைவில் போட்டால் ஒழுங்காக இருக்கிறது. வண்டியில் ஏறி போன் இணைந்ததும் ஒரு நாள் காதைப் பிளக்கும், மறுநாள் முனகும். எண் மாறவில்லை.

நீலப்பல்

என் ஏரியா வந்துவிட்டது!

ப்ளூடூத்தில் வால்யூம் இரண்டு இடத்தில் இருக்கிறது, போனில் ஒன்று, ஸ்டீரியோவில் ஒன்று. ஒரே குழாயில் இரண்டு திருகு மாதிரி. எது பாதி மூடியிருந்தாலும் தண்ணீர் குறைவாகத்தான் வரும். இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதற்கு 'அப்சலூட் வால்யூம்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 6ஆம் பதிப்பிலிருந்து வந்தது. போனில் கூட்டினால் அந்த அளவு நேராக ஸ்டீரியோவுக்கே போய்விடும். இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பேசிக்கொண்டால் அருமை. பழைய ஸ்டீரியோ அரைகுறையாகப் பேசினால் உங்கள் கதைதான், ஒவ்வொரு முறை இணையும்போதும் ஒவ்வொரு அளவு.

போன் செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'டிசேபிள் அப்சலூட் வால்யூம்' என்பதைப் போட்டுவிட்டு போனை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். அப்புறம் வண்டியில் இணைத்து, போன் வால்யூமை முழுவதும் ஏற்றிவிட்டு, இனிமேல் ஸ்டீரியோ குமிழை மட்டும் தொடுங்கள். அங்கே இருக்கும் மற்ற எதையும் தொட வேண்டாம்.

பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறுகிறது என்றால் அது வேறு. பழைய பதிவுகள் மெதுவாகவும் புதியவை உரக்கவும் இருக்கும். ஸ்பாட்டிஃபையில் ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி உண்டு, வழக்கமான நிலையில் எல்லாப் பாட்டையும் -14 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஐபோனின் மியூசிக் செட்டிங்ஸில் 'சவுண்ட் செக்' என்று இருக்கும்.

பின்சீட்டு

ஏழு முறை தட்டியதும் 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்று போன் வாழ்த்தியது. வேலை உயர்வுக்கு நன்றி. மூன்று முறை இணைத்துப் பார்த்தேன், மூன்று முறையும் ஒரே அளவு.

ஆனால் வழி சொல்லும் குரல் வரும்போது பாட்டு பதுங்கி, குரல் நின்ற பிறகும் சில சமயம் எழுந்திருப்பதில்லையே?

நீலப்பல்

பதுங்குவது இயல்பு, எழுந்திருக்காததுதான் கோளாறு. மேப் ஆப்பில் குரலை ப்ளூடூத் வழியாக அனுப்பும் ஆப்ஷனை அணைத்துவிட்டு போன் ஸ்பீக்கரிலேயே பேசவிட்டுப் பாருங்கள். அப்போது பாட்டு பதுங்காமலே இருந்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். ரிவர்ஸ் கியர் போட்டால் பாட்டு அமுங்குவதும் இதே ஜாதி. பார்க்கிங் சென்சாரின் பீப் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே செய்வது. அதை அப்படியே விட்டுவிடுங்கள், பம்பர் பிழைக்கும்.

ஐந்தாம்கியர்

வீடியோ எடுத்தாயிற்று. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தாள். எண் மாறுகிறது! வால்யூம் பட்டையே திரையில் வந்து நிற்கிறது. 14, 15, 16, 17 என்று வரிசையாக, ஒரே சீராக ஏறுகிறது. வளைவு முடிந்து ஸ்டீயரிங் நேரானதும் நின்றுவிடுகிறது. குறைவதே இல்லை, எப்போதும் ஏற்றம்தான்.

ஈயக்கம்பி

அப்படியானால் குமிழ் இல்லை. நான் அந்த நரகத்தைப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

முடிவில்லாமல் சுற்றும் குமிழ்களுக்குள் இருப்பது என்கோடர். உள்ளே இரண்டு தொடுபுள்ளிகள், ஒன்று தொட்ட கொஞ்ச நேரத்தில் மற்றது தொடும்படி தள்ளி வைத்திருப்பார்கள். எது முதலில் தொட்டது என்பதைப் பார்த்துத்தான் வலமா இடமா என்று ஸ்டீரியோ முடிவு செய்கிறது. தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்தால் அந்த வரிசை குழம்பும். என் வண்டியில் மெதுவாகக் கூட்டினால் 12, 13, 12, 15, 11 என்று போகும். குறைத்தால் ஏறும். ஆனால் எல்லாமே குமிழைத் தொட்டபோதும், மேடு பள்ளத்தில் வண்டி அதிர்ந்தபோதும்தான். ஸ்டீயரிங் திரும்புவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குமிழைப் பிடுங்கிவிட்டு, தண்டின் அடியில் கான்டாக்ட் கிளீனரை இரண்டு சொட்டு விட்டு, இரு பக்கமும் ஐம்பது முறை சுற்றினேன். சரியானது, நான்கு மாதத்தில் திரும்பி வந்தது. பிறகு பலகையைக் கழற்றி என்கோடரையே மாற்றினேன். மூன்று கால், அழுத்தும் ஸ்விட்ச் இருந்தால் கூட இரண்டு. ஈயத்தை உறிஞ்சி எடுக்கும்போது பலகையின் செம்புத் தடம் ஒன்று உரிந்து வந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பூட்டுக்குப் போடும் எண்ணெயை யாரும் உள்ளே அடித்துவிடாதீர்கள், தூசி இன்னும் ஒட்டும்.

உங்களுடையது சீராக ஒவ்வொன்றாக ஏறுகிறது என்கிறீர்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அப்படி ஏறும்.

அவசரக்குடுக்கை

அதான் கிளாக் ஸ்பிரிங். திரும்பும்போது மட்டும் வருகிறதே!

வயர்மேன்

குடுக்கை சொல்வதற்கு இந்தமுறை அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் அதன்மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கிளாக் ஸ்பிரிங் என்பது ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருட்டி வைத்த தட்டையான ரிப்பன் வயர். ஸ்டீயரிங் எத்தனை சுற்று சுற்றினாலும் ஏர்பேக், ஹாரன், பட்டன்களின் இணைப்பு அறுந்துவிடாமல் சுருண்டு விரிந்து கொடுக்கும். தேய்ந்தால் திரும்பும்போது தகராறு செய்யும், உண்மைதான்.

ஆனால் இந்த வயது வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங் பட்டன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. எதை அழுத்தினோம் என்பதை வந்து சேரும் மின்னழுத்தத்தை வைத்து ஸ்டீரியோ கண்டுபிடிக்கும். ரிப்பன் விட்டுப்போனால் யாரும் எதையும் அழுத்தவில்லை என்றுதான் அதற்குத் தெரியும். பட்டன் வேலை செய்யாமல் போகும், தானாக அழுத்தாது. பேய் அழுத்த வேண்டுமென்றால் வயர் எங்காவது உரசி, மிகச் சரியாக 'வால்யூம் ஏற்று' பட்டனின் அளவுக்கு மின்சாரம் கசிய வேண்டும். நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் அப்படியானால் ஒருமுறை பாட்டு மாறும், ஒருமுறை சத்தம் இறங்கும், ஹாரன் விட்டுவிட்டு அடிக்கும், ஏர்பேக் விளக்கு எரியும். இவருக்கு எப்போதும் ஒரே பட்டன்தான்.

தம்பி, ஹாரன் ஒழுங்காக அடிக்கிறதா? ஏர்பேக் விளக்கு எரிகிறதா? அதைச் சொல்லுங்கள். அப்புறம் ஆளில்லாத திறந்த இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். முதலில் வழக்கமாகப் பிடிக்கிற மாதிரி. அடுத்து உச்சியை மட்டும் விரலால் பிடித்து. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா பாருங்கள்.

எதையும் கழற்ற வேண்டாம். அந்த மூடிக்குப் பின்னால் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, அந்த வண்டிக்கான முறை தெரிந்த ஆள்தான் அதைத் தொட வேண்டும். வீடியோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது.

தூரப்பயணி

இந்த இடைவெளியில் ஒன்று. நெடுந்தூரத்தில் எஃப்எம் கேட்கும்போது மட்டும் சத்தம் அமுங்கி எழுந்தால் வால்யூமைச் சந்தேகிக்காதீர்கள். சிக்னல் குறையக் குறைய ரேடியோ முதலில் இடம் வலம் என்று பிரிந்து வரும் ஸ்டீரியோ ஒலியை ஒரே ஒலியாக, மோனோவாகச் சுருக்கும், பிறகு இரைச்சல் கேட்கக் கூடாதென்று சத்தத்தையே அமுக்கும். ஊருக்குள்ளும் அப்படியே என்றால் ஆன்டெனாவின் அடியில் இருக்கும் இணைப்பைப் பாருங்கள். எனக்கு அங்கேதான் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

ஐந்தாம்கியர்

வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஹாரன் கணீரென்று அடிக்கிறது. ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைந்துவிடுகிறது. திறந்த இடத்தில் நிறுத்தி வழக்கம் போலப் பிடித்து இடது கோடிவரை திருப்பினேன். வால்யூம் ஏறியது. உச்சியில் இரண்டு விரல் வைத்துத் திருப்பினேன். எத்தனை முறை திருப்பியும் ஒன்றுமில்லை. மறுபடி வழக்கம் போல, மறுபடி ஏற்றம்.

குனிந்து பார்த்தேன். வண்டி வாங்கிய கையோடு ஸ்டீயரிங்குக்குத் தோல் கவர் ஒன்று மாட்டியிருந்தேன், நூல் கோத்துத் தைக்கிற வகை. தைத்ததும் நான்தான். இடதுபக்கக் கம்பி வளையத்தோடு சேரும் இடத்தில் நூலை இழுத்து முடிந்தது போதவில்லை, கவர் கொஞ்சம் நழுவும். திருப்பும்போது என் உள்ளங்கை கவரை உள்பக்கம் தள்ள, அதன் மடிப்பு விளிம்பு வால்யூம் பட்டனின் மேல் பாதியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கையை எடுத்தால் மடிப்பு பின்வாங்குகிறது. பட்டனின் மேல்முனையில் கவரின் கறுப்புச் சாயம்கூடத் தீட்டியிருக்கிறது. மூன்று மாதமாக அழுத்திக்கொண்டிருந்தது நானேதான்.

ஈயக்கம்பி

சாயம் தீட்டியிருந்ததைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

வயர்மேன்

இதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது, நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள். கவரைக் கழற்றிவிடுங்கள். நழுவுகிற கவர் பாட்டை மட்டும் கெடுப்பதில்லை, அவசரத்தில் திருப்பும்போது கைப்பிடியும் நழுவும். கழற்றியபின் ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள். கவரின் அழுத்தத்தில் பட்டனே உள்ளே சிக்கிப் பழகியிருந்தால் அது தனி வேலை.

ஐந்தாம்கியர்

இரண்டு வாரம் ஆகிவிட்டது. கவரை வெட்டி எடுத்தேன், பட்டன் சரியாகத்தான் இருக்கிறது. வளைவில் ஒருமுறைகூட ஏறவில்லை.

போன வாரம் நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட பயணம். 100ஐத் தாண்டியதும் பாட்டு இரைச்சலில் மூழ்கிவிட்டது, கூட்டிக் குறைத்துக் கை ஓய்ந்தது. சாப்பிட நிறுத்திய இடத்தில் சவுண்ட் பட்டனை ஆறு முறை அழுத்தி, எஸ்விசியைக் குறைந்த நிலையில் வைத்தேன். தூரப்பயணி சொன்னது சரி, இருப்பதே தெரியவில்லை.

அவசரக்குடுக்கை

அப்போ கிளாக் ஸ்பிரிங் இல்லையா? சரி. அந்தக் கவர் என்ன ரகம் ஜி, நானும் போன வாரம்தான் ஒன்று மாட்டினேன்.